தேசிய அணிக்கு வைத்தியராகப் போவதா?

போன மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு ஓர் இளம் வைத்தியர் வந்தாள். கிளிநொச்சிப் பிள்ளை. கொழும்பில் அரச வைத்தியசாலை ஒன்றில் வேலை செய்கிறாள். பிளேன்ரீ குடித்து முடியும்வரை வேறு ஏதேதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். தேசிய மெய்வல்லுநர் அணியோடு இரண்டு வருடம் வைத்திய அதிகாரியாக இருக்க விருப்பமா என்று கேட்டிருந்தார்கள்.

"அக்கா, போகட்டோ?"

கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பதவியின் பெயர் இருந்தது. காலம் இருந்தது. முகாம் நடக்கும் இடங்கள் இருந்தன. ஒன்றே ஒன்று இல்லை. காயப்பட்ட ஒருவர் நாளைக்கு ஓடலாமா, கூடாதா என்று கடைசியாகச் சொல்வது யார்? பத்து வருடத்துக்கு மேலாகப் பாடசாலை மட்டத்திலிருந்து தேசிய மட்டம் வரை போட்டிகளில் மைதான வைத்தியராக நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த வேலையை எடை போடும்போது தராசில் முதலில் வைக்க வேண்டியது அந்தக் கேள்விதான். சம்பளம், பயணம், பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இந்த வேலை என்றால் நாட்டின் பெயர் பொறித்த உடை, விமானப் பயணம், பதக்க மேடை. ஆனால் வருடத்தின் பெரும்பகுதி சுகததாச அரங்கிலும், தியகம மைதானத்திலும், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும்தான் கழியும். விடியற்காலையில் பயிற்சி தொடங்கும். முதல் ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பதே பெரிய வேலை. யார் இன்றைக்கு வழக்கத்தை விட மெதுவாக ஓடித் தொடங்குகிறார், யார் ஒரு காலை மட்டும் திரும்பத் திரும்ப நீட்டிப் பார்க்கிறார், யார் பிசியோவின் கட்டிலுக்குப் பக்கத்தால் இரண்டு முறை நடந்துபோயும் படுக்கவில்லை என்று பார்க்க வேண்டும். வார்ட்டில் நோயாளி தன் வருத்தத்தைச் சொல்ல வருகிறார். இங்கே வருத்தத்தை மறைத்துக்கொண்டுதான் ஆள் வந்து நிற்பார். சொன்னால் அணியில் இடம் போய்விடுமோ என்ற பயம்.

அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒலிம்பிக்கில் இலங்கை பெற்ற பதக்கங்கள் இரண்டே இரண்டு. இரண்டுமே மெய்வல்லுநரில் வந்தவை. 1948 இல் லண்டனில் டன்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளி வென்றார். 52 வருடம் கழித்து 2000 இல் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரில் வெண்கலம் வென்றார். முதலாவதாக வந்த மரியன் ஜோன்ஸின் பதக்கம் ஊக்கமருந்தால் பறிக்கப்பட்ட பின் அது வெள்ளியானது. ஆசிய விளையாட்டு விழாவில் எங்கள் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 இல் டோக்கியோவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றதை இன்றைக்கும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். 2002 க்குப் பிறகு அந்த விழாவில் மெய்வல்லுநர் தங்கம் ஒன்றைக் காண 2023 இல் ஹாங்சோவில் தருஷி கருணாரத்ன 800 மீற்றர் ஓடும்வரை காத்திருந்தோம். பதக்கம் இவ்வளவு அரிதாக இருக்கும் நாட்டில், ஒரு ஓட்டக்காரரின் தொடைத் தசையின் மேல் எத்தனை பேருடைய ஆசை ஏறி உட்காரும் என்று யோசித்துப் பாருங்கள். பயிற்றுவிப்பாளருடைய ஆசை, சம்மேளனத்துடைய ஆசை, அமைச்சினுடைய ஆசை, ஊருடைய ஆசை. எல்லாவற்றையும் விட அந்தப் பிள்ளையின் சொந்த ஆசை. "இன்றைக்கு ஓடாதே" என்று சொல்லச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் வைத்தியர்தான்.

அந்த அதிகாரம் வைத்தியருக்கே உரியது என்பது புதுக் கதை அல்ல. உலக மருத்துவச் சங்கம் 1981 இல் லிஸ்பனில் விளையாட்டு மருத்துவத்துக்கான நெறிமுறைப் பிரகடனம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. போட்டியில் ஒருவர் தொடரலாமா, திரும்ப இறங்கலாமா என்று முடிவு செய்வது வைத்தியரின் கடமை, அந்த முடிவை வேறு எவரிடமும் ஒப்படைக்க முடியாது என்று அது சொல்கிறது. காகிதத்தில் தெளிவாக இருப்பது மைதானத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு 2015 ஓகஸ்டில் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். செல்சி உதைபந்தாட்ட அணியின் வைத்தியர் ஈவா கர்னேரோ, நடுவர் அழைத்ததால் மைதானத்துக்குள் ஓடிப்போய் ஏடன் அசாரைக் கவனித்தார். அதனால் அணிக்குக் கொஞ்ச நேரம் ஒரு ஆள் குறைந்தது என்று பயிற்றுவிப்பாளர் மொரினோ வெளிப்படையாகக் கோபப்பட்டார். அதற்குப் பிறகு முதல் அணியோடு கர்னேரோவுக்கு வேலை இருக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கு அடுத்த வருடம் சமரசத்தில் முடிந்தது. உலகத்தின் பணக்கார லீக் ஒன்றில், கமராக்களுக்கு முன்னால் நடந்தது இது. கமரா இல்லாத ஒரு பயிற்சி முகாமில் காலை ஆறு மணிக்கு நிற்கும் இளம் வைத்தியருக்குக் கையில் ஒரு எழுத்தாவது இருக்க வேண்டாமா?

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் சுகததாசவில் ஒரு போட்டி. முல்லைத்தீவுப் பக்கத்துப் பையன் ஒருவன் 200 மீற்றர் தகுதிகாண் ஓட்டத்தில், வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும் இடத்தில் துள்ளி நின்றுவிட்டான். பின்னேரம் அஞ்சல் ஓட்டத்தில் கடைசிச் சுற்றை ஓட இருந்தவன் அவன். நான் போய்ச் சேர்வதற்குள் கூட்டாளி ஒருவன் அவனுக்காகச் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தான். பயிற்றுவிப்பாளர் என்னிடம் சொன்னது ஒரே சொல்: "ரிதெனவா." நோகுது. சரி, இறுக்கமாக்கும், ஐஸ் வைத்துக் கட்டினால் பின்னேரம் ஓடுவான் என்றுதான் அவரும் நினைத்திருந்தார். நான் பையனிடம் தமிழில் கேட்டேன், என்ன மாதிரி நோகுது?

"படக்கெண்டு பிஞ்ச மாதிரி இருந்தது டொக்டர். யாரோ பின்னால கல்லெறிஞ்ச மாதிரி."

அந்த ஒரு வசனத்தில் எல்லாம் இருந்தது. "இறுகிப் பிடிக்குது" என்றால் அது களைத்த தசையாக இருக்கலாம். "படக்கெண்டு பிஞ்சது" என்றால் நார் அறுந்திருக்கிறது. அவனைக் குப்புறப் படுக்க வைத்து, இருக்கை எலும்பிலிருந்து விரலை ஒவ்வொன்றாகக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு வந்தேன். மூன்றாவது விரலில் கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்தான். நோவு அந்த எலும்புக்கு எவ்வளவு கிட்டவோ, ஆறுவதற்கும் அவ்வளவு காலம் கூட. காலை மடக்கச் சொல்லி என் கையால் எதிர்த்தேன். ஐந்து வயதுப் பிள்ளையின் பலம்தான் இருந்தது. பின்னேர ஓட்டம் இல்லை என்றேன். பயிற்றுவிப்பாளர் கெட்ட மனிதர் அல்ல. அவருக்கு அந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தியதும் அவரே அஞ்சல் அணியில் ஆளை மாற்றினார்.

தமிழ் பேசும் ஒரு வைத்தியர் அந்த அணிக்குள் இருப்பதன் பெறுமதியை நான் அன்றுதான் முழுதாக உணர்ந்தேன். வடக்கு, கிழக்கு, மலையகத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலருக்கு முகாமின் மொழி இரண்டாம் மொழி. நோவைச் சொல்வதற்குத் தாய்மொழியில் எங்களிடம் எத்தனை சொற்கள்! குத்துது, கடுக்குது, இழுக்குது, விறைக்குது, எரியுது, சுள்ளென்குது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோயறிகுறி. வந்த பிள்ளையிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். இது உனக்கு மட்டும் கிடைக்கிற ஒரு காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. படிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் விளையாட்டு மருத்துவத்துக்கு டிப்ளோமாவும் எம்டியும் இருக்கின்றன. புத்தகத்தில் உள்ள தொடைத் தசை வேறு, ஒரே ஓட்டக்காரரின் அதே தசையை இரண்டு வருடம் தொடர்ந்து பார்ப்பது வேறு. தசைக் காயத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்து, தசை உறையிலா, தசையும் நாணும் சேரும் இடத்திலா, தசையை எலும்போடு இணைக்கும் அந்த நாணுக்கு உள்ளேயா என்று பகுக்கும் முறையை 2014 இல் வெளியிட்டவர்கள் பிரிட்டிஷ் மெய்வல்லுநர் அணியோடு வேலை செய்த வைத்தியர்கள்தான். தங்கள் அணியின் ஸ்கேன்களைக் கவனித்துப் பார்த்தவர்களுக்கே அது கைகூடியது.

இனி, பயப்பட வேண்டிய பக்கம். ஊக்கமருந்து என்றால் ஏமாற்றுகிறவர்களின் விஷயம் என்று பலரும் நினைக்கிறோம். நல்ல எண்ணத்தோடு கொடுத்த இரண்டு மாத்திரை போதும். சுசந்திகா ஓடிய அதே சிட்னியில், ருமேனியாவின் 16 வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை அந்திரேயா ரடுக்கான் தனிநபர் ஒட்டுமொத்தத் தங்கத்தை இழந்தார். தடிமலுக்கு அவருக்கு மாத்திரை கொடுத்தது சொந்த அணியின் வைத்தியர். அதில் அப்போது தடைப்பட்டியலில் இருந்த சூடோஎபிட்ரின் இருந்தது. பிள்ளை அதனால் எந்த ஆதாயமும் பெறவில்லை என்று விளங்கியும் பதக்கம் திரும்பி வரவில்லை. உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. அந்த வைத்தியரை ஒலிம்பிக்கிலிருந்து வெளியேற்றி, அடுத்த இரண்டு விழாக்களுக்கும் தடை போட்டார்கள். அவருக்குத் தடை முடிந்துபோனது. அந்தப் பிள்ளையின் தங்கம் போனது போனதுதான்.

எங்கள் பக்கமும் பாடம் இருக்கிறது. 2011 உலகக் கிண்ணக் கிரிக்கெட்டின்போது உபுல் தரங்க தோள்பட்டை நோவுக்கு எடுத்த மூலிகை மருந்தில் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் கலந்திருந்தது. மூன்று மாதத் தடை. எங்கள் வீடுகளில் எண்ணெய், குளிசை, கசாயம் இல்லாத வீடு எது? முகாமுக்குப் போகும் பிள்ளையின் பெட்டிக்குள் அம்மம்மா வைத்துவிட்ட போத்தலையும் திறந்து பார்க்கும் உரிமை வைத்தியருக்கு இருக்க வேண்டும். அதற்கு அந்தப் பிள்ளை அவரை நம்ப வேண்டும்.

அரச வைத்தியசாலையிலிருந்து வருகிறவருக்குக் கை பழகிய மருந்துகளே இங்கே கண்ணி. நோவுக்குக் கொடுக்கும் ட்ரமடோல் 2024 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை. ஸ்டீரொயிட் ஊசி எந்த வழியால் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை என்று 2022 இல் ஆக்கினார்கள். ட்ரையம்சினலோன் என்ற ஸ்டீரொயிட்டை மூட்டுக்குள் போட்டால் போட்டிக்கு முன் பத்து நாள் இடைவெளி போதும். அதே மருந்தைத் தசைக்குள் போட்டால் அறுபது நாள். போட்ட இடத்தைக் கோப்பில் எழுத மறந்தால் ஒரு பருவமே போகலாம். வைத்தியசாலைச் சிகிச்சை, சத்திரசிகிச்சை போன்றவற்றின் பகுதியாக இல்லாமல் 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலீற்றருக்கு மேல் சேலைன் ஏற்றுவதும் தடைதான். "களைச்சுப் போனான், ஒரு போத்தல் ஏத்துங்கோ" என்று எங்கள் ஊர்க் கிளினிக்கில் எவ்வளவு இலகுவாகச் சொல்கிறோம்! 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு ஊக்கமருந்துத் தடுப்புக்கு இலங்கையில் தனி நிறுவனமும் இருக்கிறது. வைத்தியரும் அந்த விதிகளுக்குள் அடக்கம். உதவியதாகக் கண்டால் அவருக்கும் தண்டனை உண்டு.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2019 இல் தோஹா உலகப் போட்டியில் பெண்கள் மரதனை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்படியும் 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. எங்களுக்கு அது தூரத்துக் கதை அல்ல. 2024 மார்ச்சில் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து எந்த மைதானத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது ஒரு பெரிய தொட்டியையும் ஐஸையும். ஓட்டத்தில் வெப்பத் தாக்கு வந்தவரின் உள்ளுடல் வெப்பம் 40 பாகைக்கு மேல் போய்விட்டால், அரை மணி நேரத்துக்குள் அதை இறக்க வேண்டும். 1990 க்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸ் வண்டியை வரச் சொல்லுங்கள். வண்டி வரும்வரை ஆளைக் கழுத்துவரை குளிர்ந்த நீரில் இருத்துங்கள். முதலில் குளிர வைப்பது, அப்புறம்தான் கொண்டுபோவது. இதில் அக்குளில் வைக்கும் வெப்பமானி பிழையான எண்ணைக் காட்டும். மலவாயில் வைத்து அளக்க வேண்டும். வெட்கம் பார்க்கிற எங்கள் சமூகத்தில் அதற்கு மறைப்பும், உதவிக்கு இன்னொரு ஆளும், முன்கூட்டியே வீரர்களோடு பேசிய பேச்சும் தேவை. தொட்டிக்குக் காசு ஒதுக்குவார்களா என்று நேர்முகத்தில் கேள் என்றேன்.

பெண் வைத்தியர் என்பதால் அவளிடம் இன்னொன்றையும் மனம்விட்டுப் பேசினேன். ஓடுகிற பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் நின்றால் "நல்லாப் பயிற்சி செய்யிறா" என்று விட்டுவிடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. உண்மையில் அது சாப்பாடு போதவில்லை, எலும்பு தேய்கிறது என்பதற்கு அறிகுறி. அதைக் கேட்க ஒரு பெண் அங்கே இருந்தால் எத்தனையோ முறிவுகளைத் தவிர்க்கலாம். அதோடு, 2025 செப்டெம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட மரபணுச் சோதனை கட்டாயம். ஏற்பாடு செய்ய வேண்டியவை அந்தந்த நாட்டுச் சம்மேளனங்கள். முடிவு வைத்தியரின் மேசைக்குத்தான் வரும். புதுக்கோட்டைப் பக்கத்துச் சாந்தி சௌந்தரராஜனை நாம் மறக்கவில்லை. 2006 இல் தோஹாவில் 800 மீற்றரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனைக்குப் பிறகு பறித்தார்கள். அவருடைய அந்தரங்கம் உலகத்துக்கே செய்தியானது. அப்படி ஒரு காகிதம் வந்தால் அதை யார் வாசிப்பது, எங்கே பூட்டி வைப்பது, அந்தப் பிள்ளைக்கு யார், எந்த மொழியில், எந்த அறையில் சொல்வது? சோதனைக்கு அனுப்புவதற்கு முன்பே இதையெல்லாம் தீர்த்து வைக்காத ஒரு முறைக்கு என் பெயரைக் கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

காசு விஷயம் சுருக்கமானது. அரச வைத்தியருக்கு அடிப்படைச் சம்பளத்தோடு கொடுப்பனவுகளும் மேலதிக நேரமும் பின்னேரம் தனியாரில் நோயாளி பார்க்கும் சனலிங்கும் சேர்ந்துதான் வீடு ஓடுகிறது. 2024 ஜனவரியில் 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக உயர்த்திய, இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து ஆகியவற்றுக்கான டிஏடி கொடுப்பனவு இன்னொரு அமைச்சுக்கு விடுவிக்கப்பட்டுப் போனாலும் கூட வருமா? இரண்டு வருடமும் சேவைக் காலத்தில் சேருமா? திரும்பி வரும்போது இடமாற்றப் பட்டியலில் எந்த இடம்? இவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். சனலிங் போய்விடும், அதை மனதால் ஏற்றுக்கொள்ள வேண்டும். 2026 நாட்காட்டியை மட்டும் எடுத்துப் பாருங்கள். கிளாஸ்கோவில் பொதுநலவாய விளையாட்டு விழா ஜூலை 23 இல் தொடங்குகிறது. ஐச்சி நாகோயாவில் ஆசிய விழா செப்டெம்பர் 19 இல். இடையில் முகாம்கள். பிள்ளை குட்டி உள்ளவர் என்றால் வீட்டில் யார் நிற்பார் என்பதும் கணக்கில் வர வேண்டும். மருந்துப் பெட்டிக்கும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு சட்டம். சூடோஎபிட்ரின் பத்து வீதத்துக்கு மேல் உள்ள மருந்தை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது.

அன்றைக்கு மேசையில் இருந்தே பதில் கடிதத்தை எழுதினோம். மூன்று விஷயம் கேட்டாள். உடற்தகுதி பற்றிய இறுதி முடிவு வைத்தியருடையது என்று நியமனக் கடிதத்தில் ஒரு வரி. வீரர்களின் மருத்துவக் கோப்பு வைத்தியரின் பூட்டுக்குள், அவர்கள் சம்மதமின்றி வெளியே போகாது என்று ஒரு வரி. வெப்பத் தாக்குக்கான தொட்டியும் இதயம் நின்றால் மின் அதிர்வு கொடுக்கும் கருவியும் ஒவ்வொரு முகாமிலும் இருக்கும் என்று ஒரு வரி. சம்பளத்தைப் பற்றிய கேள்விகளை இரண்டாம் பக்கத்தில் போட்டாள். இவை கிடைத்தால் போ, முதல் வரி கிடைக்காவிட்டால் போகாதே என்றேன்.

பத்து நாள் கழித்து அழைத்தாள். முதல் இரண்டையும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். மூன்றாவதற்குச் செலவுக் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். தொட்டி விலை விசாரிக்கப் புறக்கோட்டைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். இரவு பதினொரு மணிக்கு மறுபடி ஒரு தகவல் வந்தது.

"அக்கா, ஜப்பானுக்குக் கொண்டுபோகக் கூடாத மருந்து வேற எதெது? இப்பவே எழுதத் தொடங்கினா நல்லது."